யாருடைய கண்ணீர்?

(தாம்பரத்தில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மனதைப் பிழிந்த நாவல்கள்' பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் விமர்சகன் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற எலக்ட்ரிக் ட்ரெயினில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கிறவன். மூணே மூணு நாவலைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, தகழியின் 'தோட்டியின் மகன்'. 1947இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். ஆலப்புழைத் தோட்டிகளின் மூன்று தலைமுறைக் கதை. படித்த நண்பர்கள் 'குமட்டுதுப்பா, சோறு எறங்கல' என்று பாராட்டுகிறார்கள். எனக்குக் குமட்டல. எங்கப்பா துப்புரவுத் தொழிலாளி. வேலை முடிஞ்சு வந்தா சோப்புப் போட்டுக் குளிச்ச பிறகுதான் எங்களைத் தொடுவாரு. எனக்குக் கனத்த இடம் வேறே. சுடலைமுத்து மகனுக்கு மோகனன் என்று பேர் வைக்கிறான். தோட்டி மகனுக்கு இந்தப் பேரா என்று ஊர் சிரிக்கிறது. தன் வாடை பிள்ளைமேல் படக்கூடாது என்று ஒதுங்கி நிற்கிறான். மகனைக் கரையேற்றப் பணம் சேர்க்கிறான். அந்த ஆசையில் சொந்தச் சனங்களின் சங்கத்தையே கெடுக்கிறான். கடைசியில் காலரா. மகன் கையில் அதே வாளி. இதற்கு அழுதுவிட்டால் போதுமா? ஒத்தையாகத் தப்பிக்க வழி உண்டா என்று கேட்க வேண்டாமா?

இரண்டாவது, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. கீழ்வெண்மணியை வைத்து 1975இல் வந்தது. 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அவர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதல். விடமாட்டோம் என்றது செங்கொடியை. நாவலோ பண்ணையாரின் ஆண்மைக் குறையில் காரணத்தைத் தேடுகிறது. படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பண்ணையார் மனசுக்குள் இவ்வளவு தூரம் போன பேனா, குடிசைக்காரன் மனசுக்குள் ஏன் போகவில்லை? நம்ம சாவுக்குக்கூட அவன் வியாதியா காரணம்?

மூன்றாவது, பூமணியின் 'பிறகு', 1979. செருப்புத் தைக்கிற அழகிரியின் கதை. சுதந்திரம் வந்த காலத்தில் ஊருக்கு வருகிறான். நாடு மாறுகிறது, அழகிரி இருக்கிற இடம் மாறவில்லை. ஆனால் இதில் ஒப்பாரி இல்லை. தோல் வேலையின் நுணுக்கம் இருக்கு, பேச்சில் கிண்டல் இருக்கு, சிரிப்பு இருக்கு. நம்ம சனம் இருபத்துநாலு மணி நேரமும் அழுதுகிட்டேவா இருக்கு? அந்தச் சிரிப்பைப் படிக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

தோழர்களே, சோக நாவலை ஒதுக்குங்கள் என்று சொல்ல வரவில்லை. தகழியையும் படிப்போம், இந்திரா பார்த்தசாரதியையும் படிப்போம். படித்துச் சண்டை போடுவோம். ஆனால் அழுகையோடு கணக்கு முடிந்துவிடுகிறது என்றால், அந்தக் கண்ணீர் படித்தவன் மனசைத்தான் கழுவுகிறது. தெருவை இன்னமும் நாமதான் கழுவுகிறோம்.

மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயுவில் செத்திருக்கிறார்கள். நம்ம புறநகரில் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களுக்குக் கழிவுநீர் லாரி வருகிறதே, அதில் வருகிற பையன் பேர் நமக்குத் தெரியுமா? சுடலைமுத்துவுக்காக அழுத வாசகர் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தொட்டிக்குள் இறங்காதே என்று அவனிடம் சொல்லட்டும். இறக்குகிறவனை எதிர்த்து அவன்கூட நிற்கட்டும்.