மையம் தேடாத கோல்

கணினியில் விமானம் ஓட்டும் அனுபவத்தைப் பாவனையாக நிகழ்த்திக் காட்டும் ஃபிளைட் சிமுலேட்டர் மென்பொருள்களில் ஹெலிகாப்டருக்கென்று தனி ஈர்ப்பு உண்டு. 2020-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் முதலில் ஹெலிகாப்டர் இடம்பெறவில்லை. அந்த வரிசையின் 40-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2022 நவம்பரில் வெளியான பதிப்பில்தான் அமெரிக்க நிறுவனமான பெல்லின் 407, பிரான்சில் வடிவமைக்கப்பட்ட சிறிய கப்ரி ஜி2 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டன. அதுவரை சிறகுள்ள விமானங்களை எளிதாக ஓட்டிப் பழகியவர்கள்கூட, அதே ஜாய்ஸ்டிக்கைக் கொண்டு ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் நிறுத்தி வைக்க முடியாமல் திணறுவதுண்டு. பழக்கமின்மை இதற்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் கையிலுள்ள சாதனமும் அந்தத் திணறலில் தன் பங்கை வகிக்கிறது என்பது பலரும் கவனிக்காத உண்மை.

ஹெலிகாப்டரின் கட்டுப்பாடுகள் எவையென்று தெரிந்தால்தான் அதற்கேற்ற ஜாய்ஸ்டிக் எதுவென்று சொல்ல முடியும். விமானியின் வலக்கையில் இருக்கும் கோலுக்குச் சைக்ளிக் என்று பெயர். அதைச் சாய்க்கும்போது மேலே சுழலும் இறக்கைகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்தில் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் காற்றை வெட்டுமாறு கோணம் மாறுவதால், சுழலும் வட்டம் முழுவதுமே அத்திசையில் சாய்ந்து ஊர்தியை இழுத்துச் செல்கிறது. இருக்கையின் இடப்பக்கத்தில் மேலும் கீழுமாக அசையும் நெம்புகோல் கலெக்டிவ் எனப்படும். அது எல்லா இறக்கைகளின் கோணத்தையும் ஒருசேரக் கூட்டியோ குறைத்தோ ஊர்தியை ஏற்றி இறக்குகிறது. கால்களுக்குக் கீழுள்ள இரண்டு மிதிகள் வாலிலுள்ள சிறு விசிறியின் கோணத்தை மாற்றி மூக்கின் திசையை ஆள்கின்றன.

ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கும் நிலை, அதாவது ஹோவர், இயல்பாகவே நிலையற்றது. ஊர்தி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் தானாக நிமிர்ந்து பழைய இடத்துக்கு வருவதில்லை. கோலை அசைத்த பின் சாய்வும், சாய்வுக்குப் பின் நகர்வும் சற்றுத் தாமதமாகவே தோன்றுகின்றன. ஆகவே கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடியைப் போல விமானியும் ஓயாமல் சிறுசிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. திருத்தம் சற்றே பெரிதாகிவிட்டால் அதை மாற்ற எதிர்த்திருத்தம் இன்னும் பெரிதாகி, ஊர்தி ஊசலாடத் தொடங்கிவிடும். இங்கேதான் ஜாய்ஸ்டிக்கின் தரம் வெளிப்படுகிறது.

கடையில் கிடைக்கும் ஜாய்ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை சிறகுள்ள விமானத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. அத்தகைய விமானத்தில் காற்றின் அழுத்தமே கோலை நடுநிலைக்குத் தள்ளுவதால், அந்த உணர்வைத் தருவதற்காக ஜாய்ஸ்டிக்கின் அடியில் வலுவான ஸ்பிரிங் பொருத்தப்படுகிறது. ஹெலிகாப்டரின் சைக்ளிக்கிலோ அவ்வாறு தானே மையத்துக்கு ஓடிவரும் இயல்பு இல்லை. மேலும் அதற்கு நிலையான மையம் என்று ஒன்றும் இல்லை. முன்னோக்கி வேகமாகப் பறக்கும்போது கோலை முன்தள்ளியே வைத்திருக்க வேண்டும். மிதக்கும்போதும்கூட வால்விசிறியின் தள்ளலைச் சமன் செய்ய அது சற்று ஒருபக்கமாகச் சாய்ந்தே நிற்கும். வலுவான ஸ்பிரிங் உள்ள சாதனத்தில் இவ்வளவு நேரமும் கை அந்த விசையோடு மல்லுக்கட்டுகிறது. நடுவில் 'டக்' என்று தடுக்கும் பள்ளமும் இருந்துவிட்டால், அதைத் தாண்டத் தேவைப்படும் கூடுதல் விசையே நுண்ணிய திருத்தத்தைப் பெரிய தள்ளலாக்கிவிடுகிறது. ஆகையால் பொத்தான்களின் எண்ணிக்கையையும் போர்விமானக் கைப்பிடியின் தோற்றத்தையும் விட, மையத்தைச் சுற்றி மென்மையாக அசைவதையே முதல் தகுதியாகக் கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றவோ தளர்த்தவோ இடம் தரும் சாதனம் இந்த வகையில் மிகவும் பயனுள்ளது.

உண்மையான ஹெலிகாப்டர்கள் இச்சிக்கலை எவ்வாறு தீர்க்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. வியட்நாம் போரில் பெரிதும் அறியப்பட்ட பெல் யூஎச்-1 ஊர்தியில் ஃபோர்ஸ் ட்ரிம் என்ற ஏற்பாடு உள்ளது: பொத்தானை அழுத்தினால் காந்தப் பிடி விடுபட்டுக் கோல் தளர்கிறது, விரும்பிய இடத்துக்கு நகர்த்திப் பொத்தானை விட்டதும் அந்த இடமே புதிய மையமாகிவிடுகிறது. சாதாரண ஜாய்ஸ்டிக்கால் இவ்வாறு மையத்தை இடம் மாற்ற இயலாது. எனவே டிசிஎஸ் வேர்ல்ட் என்னும் சிமுலேட்டர், பொத்தானை அழுத்தி விட்ட கணத்தில் இருந்த சாய்வை நினைவில் வைத்துக்கொண்டு, பயனர் கோலை நடுவுக்குக் கொண்டுவரும்வரை மேற்கொண்டு அசைவை ஏற்காமல் காத்திருக்கும் ஒரு தெரிவைத் தருகிறது. இது பயன்படும் மாற்றுவழியே தவிர, உண்மைக்கு ஈடாகாது. மின்மோட்டார்களால் கையில் விசையைத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக்கில்தான் கோல் விட்ட இடத்தில் உண்மையாகவே நிற்கும். மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 உற்பத்தி நின்று நெடுங்காலமான பிறகும் ஹெலிகாப்டர் ஆர்வலர்களால் தேடி வாங்கப்படுவதற்கு இதுவே காரணம்.

அசைவை அளக்கும் உணரி அடுத்த செய்தி. விலை குறைந்த சாதனங்களில் பொட்டென்ஷியோமீட்டர் என்ற உராயும் மின்தடை இருக்கும். நாட்பட அது தேய்ந்து, கோல் அசையாதபோதும் அளவு துள்ளத் தொடங்கும். காந்தப்புலத்தின் மாற்றத்தை அளக்கும் ஹால் உணரியில் உராய்வே இல்லை. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவே அதன் அடிப்படை. 10 பிட் சாதனம் கோலின் முழு வீச்சை 1,024 படிகளாகப் பிரிக்கிறதென்றால், ஹால் உணரி கொண்ட த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் 16,384 படிகளாகப் பிரிக்கிறது. நடுத்தர விலையில் அமைந்த இத்தகைய சாதனம் தொடக்கநிலையினருக்குப் போதுமானது.

துல்லியத்தைக் கூட்ட மென்பொருளில் வளைவு என்ற அமைப்பும் உண்டு. அது மையத்தருகே உணர்திறனைக் குறைத்து ஓரங்களில் கூட்டுகிறது. ஆனால் ஹெலிகாப்டர் விரைந்து பறக்கையில் கோல் மையத்தில் இருப்பதில்லை என்பதால், நுண்மை தேவைப்படும் அந்த இடத்திலேயே வளைவு செங்குத்தாகிவிடுகிறது. கோலின் நீளத்தைக் கூட்டுவதே இதைவிடச் சிறந்த வழி: கைப்பிடி அச்சிலிருந்து இருமடங்கு தொலைவுக்குப் போனால், அதே கோணத்துக்குக் கையும் இருமடங்கு தூரம் நகர வேண்டியிருப்பதால், எல்லா நிலைகளிலும் நுண்மை ஒன்றுபோல் கூடுகிறது. நீட்டிய கோலை மேசைமேல் வைக்க முடியாது. முழங்கால்களுக்கிடையே நாற்காலியில் பொருத்த வேண்டும். உண்மையான சைக்ளிக் இருப்பதும் அங்கேதான்.

மிதிகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலெக்டிவை உயர்த்தும்போதெல்லாம், மேலே சுழலும் இறக்கைத் தொகுதியான சுழலிக்கு எதிரான முறுக்கு ஊர்தியின் மூக்கைத் திருப்பும். மேலிருந்து பார்க்கையில் சுழலி இடஞ்சுழியாகச் சுற்றும் பெல் 407-இல் இட மிதியையும், வலஞ்சுழியாகச் சுற்றும் கப்ரியில் வல மிதியையும் அழுத்த வேண்டும். இந்தியாவில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட சேத்தக் ஹெலிகாப்டர் கப்ரியைப் போலவே வலஞ்சுழியாகச் சுழலும் பிரெஞ்சு வடிவமைப்பு என்பதால் அதுவும் வல மிதியையே கேட்கும். மிதி இல்லாதவர்கள் கைப்பிடியை முறுக்கித் திருப்பும் ஜாய்ஸ்டிக்கை நாடுகிறார்கள். ஆனால் மணிக்கட்டை முறுக்கும்போது கோலும் அறியாமலே பக்கவாட்டில் சாய்வதால், ஒரு திருத்தம் இன்னொரு பிழையைப் பெற்றெடுக்கிறது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழலிகளால் முறுக்கு சமனாகும் ரஷ்யக் கா-50 போன்ற ஊர்திக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. வால்விசிறி உள்ளவற்றுக்குத் தெரியும்.

கலெக்டிவுக்குத் தனி நெம்புகோல் வாங்குவது தொடக்கத்தில் தேவையில்லை. ஸ்பிரிங் இல்லாமல் உராய்வால் நிற்கும் எந்தத் த்ராட்டில் பிடியும் போதும்; வழியில் தடுக்கும் பள்ளம் மட்டும் இருக்கக் கூடாது. விமானத்தில் முன்னே தள்ளினால் விசை கூடும், கலெக்டிவிலோ மேலே இழுத்தால் கூடும் என்பதால், சிலர் அமைப்பில் திசையைத் திருப்பி, பிடியைப் பின்னிழுத்தால் ஊர்தி ஏறும்படி வைத்துக்கொள்கிறார்கள். இவ்வாறு முதலிலேயே பழகியவர்களுக்குப் பின்னாளில் உண்மையான கலெக்டிவ் வடிவத்துக்கு மாறுவது எளிது. கையிலுள்ள பணம் அளவானது என்றால், விலை உயர்ந்த கோலுக்குப் பதிலாக மென்மையான எளிய கோலும் ஒரு சோடி மிதியும் வாங்குவதே மேல். வாங்கிய பின் மையத்தருகே அசைவைப் புறக்கணிக்கும் டெட்ஜோன் அமைப்பைப் பூச்சியமாக்கி, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, முன்கையைத் தொடையில் ஊன்றி, விரல்களால் மட்டும் கோலைப் பிடித்துக் காற்றில்லாத வானிலையில் மிதக்கப் பழகத் தொடங்கலாம்.