மேடை ஒலியும் டிஜிட்டல் மிக்ஸரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் அரங்கிலுள்ள பழைய மிக்ஸரை நீக்கி, டிஜிட்டல் மிக்ஸர் ஒன்று வாங்கலாமா என்னும் வினா செயற்குழுவின் முன் நிற்கிறது. ஒலித் தொழிலில் நெடுநாள் உழன்றவன் என்ற முறையில் என்னைச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார்.

இக்கருவி நேற்றுப் பிறந்ததன்று. யமஹா நிறுவனம் 1987-லேயே டி.எம்.பி.7 என்னும் சிறு டிஜிட்டல் மிக்ஸரை வெளியிட்டது. ஆயினும் மேடைக் கலைஞர்களும் ஒலிக்காரர்களும் பல்லாண்டு தயங்கியே நின்றனர். அதனைப் பிற்போக்கு என்று எள்ளுவது எளிது. பதிவுக் கூடத்தில் பிழை நேர்ந்தால் மறுபடி பாடலாம். மேடையில் மறுபடி என்பதே இல்லையன்றோ?

பழைய மிக்ஸரில் ஒரு வேலைக்கு ஒரு திருகு. ஒலிபெருக்கி வீறிடத் தொடங்கியதும், எண்ணம் எழுமுன்பே விரல் இருட்டில் உரிய திருகைப் பற்றிவிடும். 2012-இல் வந்து பெரிதும் பரவிய பெரிங்கர் எக்ஸ் 32-ஐப் பாருங்கள். அதில் 32 ஒலிவாங்கிகளை இணைக்கலாம். அவற்றுக்கென உள்ள ஃபேடர்களோ 16 தாம். எஞ்சியவை மற்றோர் அடுக்கில் மறைந்திருக்கும். மிருதங்கத்தைத் தாழ்த்த எண்ணியவன் அடுக்கு மாறி வயலினைத் தாழ்த்திவிடுவான். வித்துவான் திரும்பிப் பார்ப்பார்!

பழைய கருவியில் ஒரு வழி பழுதானால் மற்றவை பாடிக்கொண்டிருக்கும். புதியது ஒரு கணினி. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே எழுந்து வரவேண்டும். ஆலாபனையின் நடுவே அரை நிமிட மௌனம் ஒரு யுகம்.

ஒலியை எண்களாக்கி மீண்டும் ஒலியாக்க ஓரிரு மில்லி விநாடி செல்லும். ஒரு மில்லி விநாடியில் ஒலி ஏறக்குறைய 34 சென்டிமீட்டரே செல்கிறதாதலின், அவையோருக்கு இது தோன்றாது. செவியினுள் செருகிய கருவி வழியே தம் குரலைக் கேட்கும் பாடகர் நிலை வேறு. அவர் குரல் மண்டையெலும்பின் வழியே உடனே செவியை எட்டிவிடும்; சற்றே பிந்தி வருவது அதனோடு கலக்க, குரலின் நிறமே மாறித் தோன்றும். கம்பியில்லா டிஜிட்டல் ஒலிவாங்கியும் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடும்.

எனினும் நான் வாங்குக என்றே சொல்வேன். ஒரே மாலையில் பரதம், நாடகம், கச்சேரி மூன்றும் நடத்தும் நம்போன்ற சங்கத்துக்கு, ஒவ்வொன்றின் அமைப்பையும் சேமித்து ஒரு பொத்தானால் மீட்பது பெருவசதி. விலையும் முன்போல் எட்டாக்கனியன்று.

எனக்குள்ள கவலை மற்றொன்று. இருபத்தைந்து ஆண்டாக ஊதியமின்றி நம் ஒலியைக் காத்துவரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அரங்கின் எம்மூலையில் எச்சுரம் வீறிடும் என்பது அவருக்குத் தெரியும், எக்கருவிக்கும் தெரியாது. புதியது வந்ததென்று அவரை ஒதுக்கிவிடலாகாது. இளைஞர் இருவர் அவர் அருகமர்ந்து பழகட்டும். ஓராண்டு பழைய மிக்ஸரும் பக்கத்திலேயே இருக்கட்டும். மின்தடைக்கு யூ.பி.எஸ். ஒன்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குமாறு பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.