சான்றிதழ் வாங்கினால் டெஸ்டரா?



கணினிப் பாடமே எடுக்காத பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளும் சாஃப்ட்வேர் துறைக்குள் நுழைய டெஸ்டிங் ஒரு வழி என்று கேள்விப்பட்டிருப்பார்கள். விசாரிக்கத் தொடங்கியதுமே அடுத்த கேள்வி வந்துவிடும்: "சர்ட்டிபிகேட் இருக்கா?" தேர்வுக் கட்டணமே சில ஆயிரம் ரூபாய். பயிற்சி மையத்தில் சேர்ந்தால் அதற்கு மேலும் ஆகும். பெரும்பாலும் அப்பாவிடம் கேட்டு வாங்கவேண்டிய பணம். அதற்கு என்ன கிடைக்கிறது என்று இன்று பார்ப்போம்.

மருத்துவம் பார்க்கப் பதிவு வேண்டும். நீதிமன்றத்தில் வாதாட பார் கவுன்சிலில் பெயர் இருக்கவேண்டும். டெஸ்டருக்கு அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் கிடையாது. சான்றிதழ் கேட்பது கம்பெனிகளின் வழக்கம், அவ்வளவுதான்.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஐ.எஸ்.டி.கியூ.பி. என்ற பன்னாட்டு வாரியத்தின் சான்றிதழைத்தான். பிரிட்டனில் 1998-இல் டெஸ்டர்களுக்கென்று ஒரு தேர்வு தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக, 2002-இல் சில ஐரோப்பிய நாடுகள் எடின்பரோவில் கூடி இந்த வாரியத்தை அமைத்தன. அதன் இந்தியக் கிளையாகச் செயல்படுவது இந்தியன் டெஸ்டிங் போர்டு. முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் கொடுத்த விடைகளிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதியும் கிடையாது.

இனி நேயர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோகிராம் இருக்கிறது. மூன்று முழு எண்களைக் கொடுத்தால், அவற்றைப் பக்க அளவுகளாகக் கொண்ட முக்கோணம் சமபக்கமா, இருசமபக்கமா, மூன்றும் வேறுவேறா என்று அது சொல்லும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்?

5, 5, 5 என்று எல்லாரும் எழுதுவோம். 3, 4, 5-உம் வந்துவிடும். 5, 5, 3 கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதையே 5, 3, 5 என்றும் 3, 5, 5 என்றும் மாற்றிக் கொடுப்பார்கள்? பூஜ்யம் கொடுத்தால் என்ன ஆகும்? மைனஸ் எண் கொடுத்தால்? இரண்டே எண்ணைக் கொடுத்து நிறுத்திவிட்டால்? 1, 2, 3 என்று கொடுத்துப் பாருங்கள். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. ஆகவே அது முக்கோணமே ஆகாது, வெறும் நேர்க்கோடு. "மூன்று பக்கமும் வேறுவேறு" என்று புரோகிராம் பதில் சொன்னால் அங்கே ஒரு பக், அதாவது பிழை, இருக்கிறது.

இந்தப் பரீட்சை கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-இல் டெஸ்டிங் பற்றி எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. அவர் நல்ல விடையில் இருக்கவேண்டிய 14 அம்சங்களைப் பட்டியலிட்டு, அனுபவமுள்ள புரோகிராமர்களே சராசரியாக 7.8-தான் எடுக்கிறார்கள் என்று எழுதினார். கடைசி அம்சம் எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொரு எண் தொகுதிக்கும் என்ன விடை வரவேண்டும் என்பதை முன்னாலேயே எழுதி வைத்தீர்களா? பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுவார்கள் என்பது என் ஊகம்.

ஃபவுண்டேஷன் பாடத்திட்டம் இந்த 1, 2, 3 சங்கதியை எல்லை மதிப்புச் சோதனை, அதாவது பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ் என்ற பெயரில் நன்றாகவே சொல்லித் தருகிறது. 18 வயது முதல் 60 வரை என்று ஒரு விண்ணப்பம் கேட்டால் 17, 18, 60, 61 ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று கற்பிக்கிறது. ஆனால் தேர்வில் நான்கு விடைகளையும் கேள்வி தயாரித்தவரே யோசித்துக் கொடுத்துவிடுகிறார். நாம் ஒன்றை டிக் செய்கிறோம். வேலையில் அந்த நான்கையும் யாரும் எழுதித் தரமாட்டார்கள். வெறும் திரைதான் முன்னால் இருக்கும். எதைத் தட்டலாம் என்று யோசிப்பதுதான் டெஸ்டரின் சம்பளத்துக்கான வேலை. தேர்வு அளக்காமல் விடுவதும் அதைத்தான்.

அமெரிக்காவின் ஜேம்ஸ் பாக், கனடாவின் மைக்கேல் போல்டன் போன்ற டெஸ்டிங் வல்லுநர்கள் இத்தகைய சான்றிதழ்களைப் பல ஆண்டுகளாக எதிர்த்துப் பேசி வருகிறார்கள். அவர்களோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மீதிக் கால்வாசிக்குக் காரணம் நம் ஊர் நிலவரம். ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும்போது, ஹெச்.ஆர். பிரிவு ஏதாவது ஒரு சல்லடை போடும். பெரிய கல்லூரிப் பெயர் இல்லாத பிள்ளைக்கு இந்தச் சான்றிதழ் அதைத் தாண்ட உதவலாம். குழந்தை பிறந்ததால் சில வருடம் வேலையை விட்டிருந்து திரும்ப வரும் பெண்களுக்கும் அப்படியே. இன்னொரு பயனும் உண்டு. சென்னையில் ஒருவர் சோதிக்க, லண்டனில் ஒருவர் திருத்த, 'ரிக்ரெஷன் டெஸ்டிங்' என்றால் இருவரும் ஒன்றையே புரிந்துகொள்ளவேண்டும்: ஒன்றைத் திருத்தியதால், முன்பு சரியாக இருந்தது கெட்டுப்போயிற்றா என்று மறுபடி பார்ப்பது. பாடத்திட்டம் அந்தப் பொதுச்சொற்களைத் தருகிறது.

ஆனால் சல்லடை தாண்டியதும் நேர்முகத் தேர்வு. மேசையில் இருக்கும் பேனாவைக் காட்டி, "இதை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்பார்கள். டம்ப் என்று விற்கப்படும் பழைய கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்து பாஸானவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

ஆகவே என் தீர்ப்பு இது. புதிதாக வருபவர் ஃபவுண்டேஷன் எழுதலாம். ஒரு தடவை போதும். வேலை கிடைக்கும் முன்பே அடுத்தடுத்த படிகளுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவருக்கு, கம்பெனியே கட்டணம் கட்டினால் ஒழிய, இது தேவையில்லை.

ஃபவுண்டேஷனுக்குப் பயிற்சி வகுப்பில் சேரவேண்டிய கட்டாயம் இல்லை. பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாள்களும் வாரியத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முறையாகக் கற்க விரும்புவோருக்குப் பேராசிரியர் செம் கேனர் உருவாக்கிய பிளாக் பாக்ஸ் டெஸ்டிங் பாடங்களும் இருக்கின்றன. அவற்றின் விரிவுரைக் காணொளிகளுக்கும் கட்டணம் இல்லை.

மிச்சமாகும் பணத்தை அப்பாவிடமே விட்டுவிட்டு, லிப்ரே ஆபீஸை இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்தான். அதில் தமிழில் ஒரு கடிதம் அடியுங்கள். எழுத்து எங்கே உடைகிறது, தேடினால் எந்தச் சொல் அகப்படவில்லை, அகர வரிசை எங்கே பிசகுகிறது என்று பாருங்கள். பிசகு கண்டால், என்ன செய்தீர்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று மூன்றையும் தெளிவாக எழுதி அவர்களுடைய பக் பட்டியலில் பதியுங்கள். யார் வேண்டுமானாலும் பதியலாம். உங்கள் பெயரோடு அது அங்கே இருக்கும். பயோடேட்டாவில் சான்றிதழ் எண்ணுக்கு மேலே அந்த இணைப்பைப் போடுங்கள்.