நாகத்தின் விஷமும் குதிரையின் இரத்தமும்

அதியமான்கோட்டை வயல்களில் விடியுமுன் நீர் பாய்ச்சச் செல்லும் உழவர்க்குப் பாம்பு புதியதன்று; ஆனால் அதன் விஷம் சரீரத்தின் காவலையே வஞ்சிக்கும் என்பதைப் பலர் அறியார். கிருமி புகுந்தவுடன் ஒன்றையொன்று தூண்டி எழுந்து அதனை அழிக்கும் புரதக் கூட்டமொன்று நம் இரத்தத்தில் உண்டு. அக்கூட்டத்தின் பிரதானப் புரதத்தை ஒத்த ஒன்று நாகத்தின் விஷத்தில் இருப்பதால், அது உட்புகுந்ததும், பகைவனில்லாத இடத்தில் போர் மூண்டு, அந்தப் படை வீணே தீர்ந்துபோகிறது.

ஆயினும் விஷத்துக்கு மருந்தும் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியிலிருந்தே பிறக்கிறது. 1978-ல் தோன்றிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினிடமும் எடுத்துத் தரும் விஷத்தை, மருந்துச்சாலைகளில் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்ற, அவற்றின் இரத்தத்தில் விளையும் எதிர்ப்பொருளே நம் உயிரைக் காக்கிறது. இருளர் இனத்தாருள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நெஞ்சார மகிழத்தக்க செய்தி!

கடிபட்டவரை, கீறாமலும் இறுகக் கட்டாமலும், உடனே தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குதிரையின் புரதத்தையும் சிலருடைய சரீரம் அந்நியமெனக் கருதிச் சீறக்கூடுமாதலால், வைத்தியர் அருகிருந்து கவனித்தே அம்மருந்தை ஏற்றுவார்.