பன்றிக்கு வலித்தால் எப்படித் தெரியும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்ச பையன் டென்மார்க்கில் பன்றிக்கு எச்சில் எடுக்கிறான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. உண்மைதான். மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமுள்ள நாடு அது. ஆக்டினோபேசில்லஸ் என்றொரு பாக்டீரியா பன்றிகளின் நுரையீரலைத் தாக்கும். காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். மூச்சு விட முடியாமல் பன்றி நாய் மாதிரி குந்திக்கொண்டிருக்கும். கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக் உண்டு. கூடவே மெலாக்சிகாம் என்ற வலி நிவாரணியும் போட்டால் வேதனை குறைகிறதா? இதை அளக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

உடம்புக்கு நெருக்கடி வந்தால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அதை அளந்தால் முடிஞ்சது என்று நினைத்தேன். மேல்தாடையில் சுருக்குப் போட்டுப் பிடித்து, கழுத்தில் ரத்தம் எடுத்தோம். அது போட்ட அலறலில் காது அடைத்துப்போனது. முடிவு வந்தது: நோயுற்றதற்கும் நல்லாயிருக்கிறதுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு! மருந்தால் பயனில்லை என்று அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்த கால்நடை டாக்டரம்மா ஒன்றுதான் கேட்டார்: "நீங்க அளந்தது நோயையா, சுருக்கையா?"

பிடித்த சில நிமிடங்களிலேயே கார்ட்டிசால் ஏறிவிடுமாம். வெட்கமாப் போச்சு. மட்டமான வோல்ட்மீட்டரை மாட்டினால் அதுவே கரண்டை இழுத்து ரீடிங்கைக் கெடுக்கும் என்று நம்ம லேபில் திட்டு வாங்கிப் படித்தவன் நான்!

பிறகு கிடுக்கியில் பஞ்சுத் துண்டைக் கோத்து நீட்டினோம். பன்றிக்கு வாய் சும்மா இராது. தானே வந்து மெல்லும். எச்சிலிலும் கார்ட்டிசால் உண்டு. காலையில் கூடுதல், மாலையில் குறைவு என்பதால் தினமும் ஒரே நேரத்தில் எடுத்தோம். இதிலும் ஒரு வம்பு. ரொம்ப முடியாதது மெல்ல வராது, மூலையிலேயே கிடக்கும். கணக்குத் தாளில் காலியாக விட்ட கட்டங்கள்தான் அதிகம் நோயுற்றவை. அவற்றை விட்டுச் சராசரி போட்டால் கொட்டடி முழுக்கச் சுகமாக இருப்பதாகத் தெரியும்.

இன்னொன்று. மெலாக்சிகாம் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்து, அழற்சியையும் காய்ச்சலையும் குறைக்கிறது. அழற்சி தணிந்தாலே கார்ட்டிசாலும் இறங்கலாம். எண் இறங்கியதை வைத்து வலி போச்சு என்று சொல்லிவிட முடியாது. ஆகவே தீவனத் தொட்டிக்கு எத்தனை தரம் போகிறது, எவ்வளவு தின்கிறது, எப்படிப் படுக்கிறது என்பதையெல்லாம் கேமரா வைத்துக் குறிக்கிறோம். காய்ச்சல் விட்டதைப் பார்த்துப் பண்ணைக்காரர் ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

தம்பிகளே, ப்ராஜெக்ட் தேடுகிறவர்கள் என்னிடம் வாருங்கள். படுத்திருக்கும் பன்றியை எழுப்பாமல் அதன் மூச்சை எண்ணும் கருவி ஒன்று என் மேசையில் அரைகுறையாகக் கிடக்கிறது. சாப்பாட்டுக்கு நேரமாச்சு, முதல்வர் மணியைப் பார்க்கிறார். வணக்கம்.