கல் வளையாது, சிலையாகும்!

(‘பணி ஓய்வுக்குப் பின் பெரிதும் தேவை ஓய்வே! கல்வியே!’ பட்டிமன்றத்தில் ‘கல்வியே’ அணியில் பேசியது)



எதிரணி அம்மா கேட்டாங்க: “விருப்ப ஓய்வு வாங்கிட்டு வந்த மனுஷனை வகுப்புக்குக் கூப்பிடறது நியாயமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” அம்மா, மாமல்லபுரம் பக்கத்துலதானே இருக்கு! உளிச் சத்தம் கேட்டதில்லையா? கல்லு வளையாதுங்க, ஆனா சிலையாகும்! (கைதட்டல்)

அந்த ஊர் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கணபதி ஸ்தபதி. 1927-இல் பிறந்தவர். பணி ஓய்வுக்குப் பிறகுதான் குமரிக்கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை எழுப்பினார். 2000 ஜனவரி 1-இல் சிலை திறந்தபோது அவருக்கு வயது 72!

“அவர் மேதை, சாதாரண ஆள் என்ன பண்ணுவான்?” என்பீர்கள். அவனுக்காகத்தான் ஐயா பேசுகிறேன். 2020 ஜனவரி 31. பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தாங்க. தகுதி? 50 வயசு! இதோ, நம்ம மறைமலை நகர். 2022-இல் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்னுது. இழப்பீடு வந்தது, கடனை அடைச்சாச்சு. அப்புறம்? “என்னங்க, சும்மாதானே இருக்கீங்க, ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க!” (சிரிப்பு) அந்தச் ‘சும்மா’ இருக்கே, அது மனுஷனை அரிச்சிடும் ஐயா!

முதியோர் கல்வி என்றாலே கைநாட்டுக்காரர்தான் நம் நினைவுக்கு வருகிறார். 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத்தான். வேணும், மறுக்கலை. ஆனா இருபத்தஞ்சு வருஷம் கேபிள் இணைத்த கைக்கு எழுத்து தெரியும். அடுத்த தொழில் தெரியாதே! அவருக்கு எந்த வகுப்பு?

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லேயே வந்தாச்சு. பெயரிலேயே கதவு திறந்திருக்கு! பட்டம் வாங்கினவர் இன்னொரு பட்டத்துக்குத் தைரியமா நுழையறார். பள்ளியோடு நின்ன தொழிலாளிதான், “இந்த வயசுல போனா சிரிப்பாங்க”ன்னு வாசலோட திரும்பறார். அவரைத் தடுத்தது வயசு இல்லை, ஊர் வாய்!

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஓய்வுத்தொகைக்குக் கையெழுத்து வாங்குகிற அதே மேசையில், ஒரு வகுப்புக்கும் பெயர் எழுதுங்க. வேலையில இருக்கும்போதே, சம்பளத்தோட, அந்த வகுப்பை ஆரம்பிங்க. கொடுத்த பணம் கரைஞ்சிடும். கத்துக்கிட்ட தொழில் கூடவே வரும்!

கல்வியே தேவை எனத் தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.