ஓட்டுப் போட கட்சி அட்டை வேண்டுமா?

(ரிஷிவந்தியம் இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும் முன் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஓட்டுப் போடணும்னா கட்சியில சேரணுமாமே?"

வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் கட்சிக்கு இடமே கிடையாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் மட்டும், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் வாக்களிக்க, அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும்.

ஆனால் அவள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது? ஓட்டு நம் கையில். சீட்டு தலைமையின் கையில். பக்கத்துக் கள்ளக்குறிச்சி தனித்தொகுதி. அங்கே எந்தத் தலித் நிற்பார் என்பதைக்கூட சேரி மக்கள் முடிவு செய்வதில்லை.

ஒரு காலத்தில் இதற்கு வழி இருந்தது. 1932 பூனா ஒப்பந்தப்படி, ஒவ்வொரு தனித்தொகுதிக்கும் வாக்குரிமை பெற்ற தலித்துகளே முதலில் நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம். கட்சி அட்டை தேவையில்லை. பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நாம் முதலில் நிறுத்தியவரை மற்றவர்கள் கடைசியில் தள்ளிவிட முடிந்தது. அம்பேத்கர் கண்டித்த குறை இது. 1950-இல் வந்த அரசியலமைப்பில் அந்த முதல்கட்டமும் இல்லை.

கட்சியில் சேர்வது உங்கள் விருப்பம். சேர்ந்தால் கொடி கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். சீட்டு யாருக்கு, ஏன் என்று கேளுங்கள். சேராவிட்டாலும், பட்டியல் வெளிவரும் முன்பே ஊர்கூடிக் கேளுங்கள். வெளிவந்த பிறகு நமக்கு மிஞ்சுவது பொத்தான் மட்டும்தான்.